பீட்

லிங்கன்ஷயரில் நவம்பர். நாலு மணிக்கே இருட்டு.
தெர்ஸா கூப்லண்ட் தலையை ஒரு வெட்டு வெட்ட
முகக்கவசம் தானாய்க் கீழே இறங்குகிறது.
ஓர் இரும்புக் கேட், அதன் உடைந்த கீல்,
நடுவே ஒரு நீல நட்சத்திரம்.
நட்சத்திரம் ஊர்ந்த வழியில்
உருகி உறைந்து, மீன்செதில் மாதிரி
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகிடக்கும் கோடு.
வெல்டர்கள் அதை பீட் என்பார்கள்.

பீட் என்றால் மணி. நூலில் கோக்கிற மணி.
ஏழு வயதில் அவள் மூக்கில் திணித்துக்கொண்டு
ஆஸ்பத்திரிவரை போன சிவப்பு பிளாஸ்டிக்.
பட்டறையில் டயரின் உள்விளிம்பும் பீட்தான்;
ரிம்மில் உட்கார மறுத்தால்
டென்சில் அதன் தாயைத் திட்டுவான்.
மேலுதட்டில் அரும்பும் வியர்வைக்கும் அந்தப் பெயர்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
முயலையோ மனிதனையோ நேர்பார்க்கிற
துப்பாக்கி முனைப் பித்தளைக் குமிழுக்கும்.

கேட்டுக்கு உள்ளே ஒரு பீட் ஹவுஸ்.
சுவரில் பலகை. தேநீர்க் கோப்பையோடு நின்று படித்திருந்தாள்:
கம்பளி வியாபாரி வால்டர் ஹோல்ம் கட்டியது.
ஆறு கிழவர்கள், ஆளுக்கோர் அறை,
வாரத்துக்கு ஏழு ரொட்டி, குளிருக்கு விறகு.
பதிலுக்கு காலை, நண்பகல், அந்தி
செத்துப்போன வால்டரின் ஆன்மாவுக்காக
வேண்டிக்கொள்ள வேண்டும்.
தவறினால் ரொட்டியில் ஒன்று குறையும்.

பீட் என்றால் அன்று வேண்டுதல்.
அதற்கு உருண்டை இல்லை, துளை இல்லை,
வாயிலிருந்து புறப்படும் வெறும் காற்று.
கணக்கு பிசகாதிருக்க நூலில் உருண்டை கோத்தார்கள்,
ஒரு வேண்டுதலுக்கு ஒன்று.
வாய் முணுமுணுத்தது, விரல் தள்ளியது.
எந்தக் கிழவனின் காலத்தில் என்று யாருக்குத் தெரியும்,
பெயர் வாயிலிருந்து நழுவி
விரலில் ஒட்டிக்கொண்டது.
பிறகு அரசன் வழிபாட்டை மாற்றினான்.
வால்டருக்காக வேண்டுவது தப்பாயிற்று.
வேண்டுதல் போயிற்று. உருண்டை மிஞ்சியது,
இரவல் பெயரோடு.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்
என் மணி சும்மா இருப்பதில்லை.
கோத்த இடத்திலிருந்து எழுந்துபோய்
அந்த ஆறு பேரையும் எழுப்ப அடிக்கிறது.
அடித்த கையோடு கடிகாரத்தில் ஏறிக்கொள்கிறது;
தெர்ஸாவுக்கு மணிக்குப் பதினாறு பவுண்டு.
போதாததற்கு இந்த 'எண்ணு':
விரலுக்கும் மனதுக்கும்
ஒரே வினைச்சொல்லை வைத்துவிட்டுப் போனவர்கள்
என்ன எண்ணி வைத்தார்களோ.

தெர்ஸாவுக்குக் கடவுள் கிடையாது.
வேண்டுதல் வால்டரைப் போய்ச் சேர்ந்ததா
என்பதல்ல அவள் கவலை.
ஆறு பேரில் ஒருவன்,
பல்வலிக்காரனோ, மனைவியைப் புதைத்தவனோ,
ஏதாவது ஒரு அந்தியில்
ரொட்டியை மறந்துவிட்டுச் சொல்லியிருப்பானா?
யோசித்ததில் தேநீர் ஆறியிருந்தது.

இப்போது இரண்டாவது கீல்.
கோடு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள்;
யாரும் கற்றுத்தந்ததல்ல, கை நடுங்கக்கூடாது, அவ்வளவுதான்.
கவசத்தைத் தூக்கிப் பார்க்கிறாள்.
கோட்டின் நடுவில் ஊசிமுனையளவு துளை.
காற்று புகுந்திருக்கிறது.
கேட்டின் அடிப்பக்கம். கறுப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள்.
நாய்கள்தான் பார்க்கும்.

ஐந்தடித்து முடிந்தது. இனி கூலி இல்லை.
"சனியனே" என்று அதனிடம் சொல்லிவிட்டு
கிரைண்டரை எடுத்து முழுவதையும் சீவித் தள்ளினாள்.
பொறி பறந்து அடங்கியது.
மறுபடி மூச்சை அடக்கினாள்.

ஒயரைச் சுருட்டுகையில் வடகடலிலிருந்து மழை வந்தது.
இன்னும் சிவந்திருந்த கோட்டின்மேல்
ஒரு துளி விழுந்து, உடையாமல்,
உருண்டையாய் ஒரு கணம் ஓடித் திரிந்தது.
டென்சில் வேனுக்குள்ளிருந்து ஹாரன் அடித்தான்.